ஆறாம் வாரத்தில் தாயிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆறாம் வாரத் தடுப்பூசிக்காகக் கைக்குழந்தையுடன் வரும் இளம் தாய்மார்களைப் புதன்கிழமைகளில் ஓமலூர் வட்டாரத்தின் எந்தச் சுகாதார நிலையத்திலும் காணலாம். குழந்தையின் எடை பார்க்கப்படுகிறது. தாய்ப்பால் போதுமா என்று விசாரிக்கப்படுகிறது. அட்டையில் தேதி குறிக்கப்படுகிறது. தூக்கி வந்த தாயிடம் மட்டும் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை: “வாயுவையும் மலத்தையும் அடக்க முடிகிறதா, அம்மா?” கூச்சம் தரும் கேள்விதான். ஆனால் மருத்துவமனையும் வீட்டாரும் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கேட்காவிட்டால் பெரும்பாலான பெண்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

இயல்பான பிரசவத்தின்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி கிழிவது பலருக்கும் நேர்வதே. தோலளவில் நின்றால் அது முதல் நிலை. அடியிலுள்ள தசைவரை சென்றால் இரண்டாம் நிலை. இவை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆசனவாயை வளையம்போலச் சூழ்ந்து மூடிவைத்திருக்கும் சுருக்குத்தசை கிழிந்தால் அது மூன்றாம் நிலை. மலக்குடலின் உட்படலமும் சேர்ந்து கிழிந்தால் நான்காம் நிலை. பிரிட்டனில் கணக்கெடுத்தபோது, முதன்முறை இயல்பாகப் பிரசவித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கு இந்தக் கடைசி இரு நிலைகளுள் ஒன்று நேர்ந்திருந்தது. தலைப்பிரசவம், குழந்தையின் எடை, தலை திரும்பியிருந்த விதம், ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தமை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். “ஒழுங்காக முக்கியிருந்தால் கிழிந்திருக்காது” என்று தாயைக் கடிந்துகொள்வோர் இன்றும் உள்ளனர். அது அறியாமை, கொடுமையும்கூட.

இவ்விடத்தில் நம் சொல் ஒன்றே நமக்கு எதிராக நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன. ஆகவே ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடே நிம்மதி அடைகிறது. வயிற்றில் தையல் உள்ளவளைக் குடம் தூக்க விடமாட்டார்கள். வெளியே தெரியாத இடத்தில் தையல் உள்ளவளோ சில வாரங்களில் தண்ணீர் சுமக்கிறாள்; தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கமென்றால் தறியில் அமர்கிறாள். சுருக்குத்தசையைத் தைத்த பெண்ணுக்கும் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, அறுவை அரங்கில் வைத்து, அடுக்கடுக்காகத் தைக்கப்படும் காயம் அது. ஓய்வு அவளுக்கும் உரியது.

அடுத்து, பத்தியம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பூண்டுக் குழம்பும் லேகியமும் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவற்றில் பரிவு இருக்கிறது. ஆனால், “தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போட்டுவிடும், கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி” என்று தடுப்பது தைத்த தசைக்கு நேரடியான தீங்கு. பால் கொடுப்பவளின் உடல் ஏற்கெனவே நீரை இழக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். இவற்றுடன் நீரும் நாரும் குறைந்தால் மலம் கல்லாகிறது, முக்கவேண்டி வருகிறது, தையல் பிரியும் அபாயம் நேர்கிறது. வலிக்கு அஞ்சி அவள் மலத்தை அடக்கினால் அது மேலும் இறுகும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மலமிளக்கியை “வயிற்றுப்போக்குக்கா மருந்து தருகிறார்கள்?” என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. அது பேதி மருந்து அன்று. மலத்தை இளக்கித் தையலைக் காக்கும் மருந்து. சொன்ன நாள்வரை அதைக் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தவேண்டாம். தாகத்திற்குத் தண்ணீர் குடிக்கட்டும். முருங்கைக்கீரை, கொய்யா, ராகிக் களி எல்லாம் உண்ணட்டும். பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்தியத்தை விடச் சொல்லவில்லை, அதில் தண்ணீரையும் கீரையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

காயத்தை நீரால் கழுவி, முன்னிருந்து பின்னோக்கித் துடைத்து, உலர்வாக வைத்திருந்தால் போதும். அதன்மீது வேறு எதையும் பூசவேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வலி குறைந்ததும் பாதியில் நிறுத்தக்கூடாது. காய்ச்சல், துர்நாற்றம், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் உடனே வர வேண்டும். பிறப்புறுப்பு வழியே வாயுவோ மலமோ வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உள்ளே பாதை ஏற்பட்டிருக்கலாம். அது மருந்தால் மட்டும் மூடாது, சரிசெய்ய வழியுண்டு.

தோல் ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதாக எண்ணுகிறோம். தசையின் வலிமை திரும்ப மாதங்கள் ஆகும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். வலி அடங்கியதும் தொடங்கிப் பல வாரம் விடாது செய்ய வேண்டும். தாம்பத்திய உறவுக்கும் அவசரம் கூடாது. அவள் தயார் என்று சொல்லும்வரை கணவர் காத்திருக்க வேண்டும்.

“இதையெல்லாம் கேட்டால் பச்சை உடம்புக்காரி பயந்துவிடமாட்டாளா?” என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுருக்குத்தசையை முறையாகத் தைத்துக்கொண்ட பெண்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் ஓராண்டில் எந்தத் தொல்லையும் இன்றி இருக்கிறார்கள் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி கூறுகிறது. இது அச்சம் தரும் செய்தி அன்று. எஞ்சியவர்களை நினைத்தே அந்தக் கேள்வி. உறவினர் திருமணத்திற்குப் போகாமலும், பேருந்தில் ஏற அஞ்சியும், தன் உடல் இனி இப்படித்தான் என்று எண்ணியும் ஆண்டுகள் கழிக்கும் பெண்ணுக்குப் பயிற்சியும் பரிசோதனையும் தேவைப்பட்டால் மறு அறுவைச் சிகிச்சையும் உண்டு என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

எங்களைப் போன்றோர்க்கும் இதில் கடமை உண்டு. கிழிசல் எந்த நிலை, எப்படித் தைக்கப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதித் தாயிடமும் எடுத்துச்சொல்ல வேண்டும். ‘தையல் போடப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. அடுத்த பிரசவத்தை இயல்பாக விடுவதா, அறுவைச் சிகிச்சையா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அந்த விவரமும், இப்போது தொல்லை உண்டா என்பதும் தெரிந்தாக வேண்டும். பலர் மறுபடி இயல்பாகவே பிரசவிக்கிறார்கள்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் அந்தச் சீட்டையும் வையுங்கள். ஆறாம் வாரம் வரும்போது எங்களில் யாரும் கேட்கவில்லை என்றால், சீட்டைச் செவிலியரிடம் நீட்டி, “என் தையலையும் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். தனியறையில் பேச வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.