காந்தம் வேண்டாம், கணக்குப் போடுங்கள்

உங்கள் வீட்டுப் பழைய கார்பரேட்டர் கார் பெட்ரோலை அதிகம் குடிக்கிறதா? குழாயில் காந்தம் கட்டினால் மிச்சமாகும் என்பார்கள், நம்பாதீர்கள். காந்தத்தால் பெட்ரோல் எரியும் விதம் மாறாது. முதலில் அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பி, 200 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி நிரப்புங்கள். 20 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்தாலோ, சோக் மூடியபடி சிக்கிக்கொண்டாலோ காற்று போதாது. ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் விடாமல் உராய்ந்தாலும் ஆற்றல் வெப்பமாக வீணாகும்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குறை எதுவென்று தெரியாது. அளக்காமல் நம்புவது பணத்துக்கு மட்டுமல்ல, அறிவுக்கும் நட்டம்!