அரங்கம் தயார், கதவு திறக்குமா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2025 நவம்பர் 26-ஆம் தேதி கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுக்குழு, 2030-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமையை ஆமதாபாத் நகருக்கு வழங்கியது. 1930-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய இப்போட்டிக்கு அது நூற்றாண்டு. தில்லியில் 2010-இல் நடந்த போட்டிக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்துள்ள இரண்டாவது வாய்ப்பு. இதை முதல் படியாகக் கொண்டு 2036 ஒலிம்பிக் போட்டியையும் இந்திய மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது மத்திய அரசின் நோக்கம். அதற்கான விருப்பக் கடிதம் 2024 அக்டோபர் 1-ஆம் தேதியே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால், இந்த வெற்றியை வைத்து ஒலிம்பிக் வாய்ப்பைக் கணக்கிடுவது தவறாகப் போகும். காமன்வெல்த் போட்டியை நடத்த இன்று நகரங்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கவில்லை. 2022 போட்டியை நடத்தும் உரிமையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் 2017-இல் இழந்தது. 2026 போட்டியை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுப்படியாகாது என்று 2023-இல் கைகழுவியது. அதை ஏற்க முன்வந்த கிளாஸ்கோவும் 10 விளையாட்டுகளாகச் சுருக்கித்தான் ஏற்றது. ஹாக்கி, துப்பாக்கி சுடுதல், மல்யுத்தம், பாட்மிண்டன் என்று இந்தியா பதக்கம் குவிக்கும் விளையாட்டுகளெல்லாம் அதில் அடிபட்டுப் போயின. 2030-க்குக் கடைசிவரை களத்தில் நின்ற மற்றொரு நகரம் நைஜீரியாவின் அபுஜா மட்டுமே. பந்தியில் ஆள் இல்லாதபோது இலை கிடைப்பது பெரிய காரியமல்ல.

ஒலிம்பிக் கதை வேறு. அங்கே எதிரில் நிற்பது கத்தார் போன்ற நாடுகள். 2006-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையும் 2022-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியையும் நடத்திக் காட்டிய நாடு அது. 2030 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக தோஹாவும் ரியாதும் மோதியபோது, தோஹாவுக்கு 2030, ரியாதுக்கு 2034 என்று ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் 2020-இல் பங்கிட்டுக் கொடுத்தது. தோற்றவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அந்த அளவுக்கு அந்த நாடுகளுக்கு அந்த அமைப்பில் பிடிப்பு இருக்கிறது. ஆசிய விளையாட்டுகளைத் தொடங்கிவைத்த இந்தியாவுக்கு அந்தப் பிடிப்பு இல்லாமல் போனது ஏன் என்பதுதான் இன்று தில்லியில் விளையாட்டு அமைச்சகம் யோசிக்க வேண்டிய கேள்வி.

நட்பை வளர்த்து வாக்கு பெறுவதற்குப் பதிலாக, வாக்கு தேவைப்படும் நேரத்தில் மட்டும் நட்பைத் தேடிப் போகும் பழக்கம் இந்திய விளையாட்டு நிர்வாகத்துக்கு உண்டு. ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் 2003 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பே சாட்சி. 2010 போட்டிக்காக தில்லியும் ஹாமில்டனும் மோதின. 72 உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் வீரர்களின் பயிற்சிக்காகத் தலா ஒரு லட்சம் டாலர் தருவதாக இந்தியத் தரப்பு அறிவித்தது. தில்லிக்கு 46 வாக்குகள், ஹாமில்டனுக்கு 22. விதிகளுக்கு உள்பட்ட உதவிதான். லஞ்சம் என்று சொல்ல முடியாது. என்றாலும், அந்த உறவின் ஆழம் ஏழே ஆண்டுகளில் தெரிந்துபோயிற்று. 2010 செப்டம்பரில் நேரு விளையாட்டு அரங்குக்கு அருகே நடைமேம்பாலம் இடிந்து விழுந்ததும், விளையாட்டு கிராமத்தின் சுகாதாரக் கேடு படங்களாக வெளிவந்ததும், அணிகளை அனுப்பலாமா வேண்டாமா என்று பல நாடுகள் வெளிப்படையாகவே விவாதித்தன. போட்டி நடந்தது; 38 தங்கம் உள்பட 101 பதக்கங்களை இந்தியா வென்றது. பதக்கங்களைவிட ஊழல் புகார்கள்தான் உலகின் நினைவில் நின்றன.

இடையில் இன்னொரு தோல்வியும் உண்டு. 2014 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக 2007 ஏப்ரலில் குவைத்தில் நடந்த வாக்கெடுப்பில் தென் கொரியாவின் இஞ்சியான் 32 வாக்குகளும் தில்லி 13 வாக்குகளும் பெற்றன. விளையாட்டில் பின்தங்கிய ஆசிய நாடுகளின் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் உதவ 2 கோடி டாலர் மதிப்பிலான திட்டத்தை இஞ்சியான் முன்வைத்தது. அதுவும் பணம்தானே என்று கேட்கலாம். பணம்தான். ஆனால், கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடும் தொகை அல்ல. ஆண்டுக்கணக்கில் தொடரும் பழக்கம்.

ஒரு காலத்தில் இந்தியாவுக்கு இந்தக் கலை தெரிந்தே இருந்தது. லாகூர் அரசினர் கல்லூரியில் பணியாற்றிய குரு தத் சோந்தி, ஆசிய நாடுகளுக்கென ஒரு விளையாட்டுப் போட்டி வேண்டும் என்று ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியாகப் பேசிச் சம்மதிக்க வைத்தவர். அதன் பலனாக 1951 மார்ச் மாதம் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 11 நாடுகள் வந்தன. போரில் தோற்ற ஜப்பானை 1948 லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு அழைக்கவில்லை, தில்லி அழைத்தது. அரங்கத்தின் பிரமாண்டத்தை அன்று யாரும் பேசவில்லை. அப்படிப் பேச அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து அதே சோந்திக்கு வேறொரு சோதனை வந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேல், தைவான் நாடுகளின் அணிகளுக்கு விசா தர இந்தோனேசியா மறுத்துவிட்டது. உறுப்பு நாடுகள் அனைத்தும் அழைக்கப்படாத போட்டிக்கு ஆசியப் போட்டி என்ற பெயர் பொருந்தாது என்று ஜகார்த்தாவிலேயே நின்று வாதிட்டார் சோந்தி. ஆத்திரமடைந்த கூட்டம் அங்கிருந்த இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி அவசரமாக நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கால்பந்து இறுதி ஆட்டத்தில் சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்திய அணி, அரங்கம் முழுவதும் எதிர்த்துக் கூச்சலிட, தென் கொரியாவை 2-1 என வென்றது இன்றும் பேசப்படும் கதை. அடுத்த ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. நடத்தும் நாடு எல்லோருக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்ற விதிக்காக இந்தியர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்த சம்பவம் அது.

அந்த விதியின் பேரிலேயே 2019-இல் இந்தியா குற்றவாளிக் கூண்டில் நின்றது. பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் தில்லியில் தொடங்கவிருந்த உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு வர பாகிஸ்தான் வீரர்களுக்கு விசா கிடைக்கவில்லை. நாடு இருந்த மனநிலையில் அந்த முடிவைக் குறைகூறுவது எளிதல்ல. ஆனாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் பங்கேற்கவிருந்த பிரிவில் வழங்கவிருந்த ஒலிம்பிக் தகுதி இடங்களை ரத்து செய்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, எதிர்காலப் போட்டிகள் பற்றி இந்தியாவுடன் நடத்திவந்த பேச்சுகள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. தகுதி பெற்ற யாரையும் தடுக்கமாட்டோம் என்று மத்திய அரசு எழுத்துப்பூர்வமாக உறுதி அளித்த பிறகே, சில மாதங்கள் கழித்து அந்தத் தடை விலகியது. அதற்கு முந்தைய ஆண்டிலும் தில்லியில் நடந்த மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டிக்கு, இந்தியா அங்கீகரிக்காத கொசோவோவின் வீராங்கனைக்கு விசா மறுக்கப்பட்டது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த கொள்கை இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு விடை தருகிறது. பாகிஸ்தானுடன் இருதரப்புப் போட்டிகள் இல்லை. பல நாடுகள் பங்கேற்கும் போட்டிகளுக்குத் தடை இல்லை. சர்வதேச விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு அவர்களது பதவிக்காலத்தையொட்டி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பலமுறை வந்துபோகும் விசா வழங்கப்படும் என்பதும் அதில் உண்டு. நல்ல தொடக்கம். இத்தனை ஆண்டுகளாக இல்லாமல் போனதுதான் வியப்பு.

விசா கொடுத்தால் மட்டும் விருந்தாளி வந்துவிடுவதில்லை என்பதையும் அதே ஆண்டு காட்டியது. பிகாரின் ராஜ்கீரில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிக்கும், சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்கும் பாகிஸ்தான் அணி வரவில்லை. இரண்டிலும் வேறு அணிகள் அந்த இடத்தை நிரப்பின. 2030 போட்டியிலும் இந்தக் கேள்வி எழும். பாகிஸ்தான் காமன்வெல்த் உறுப்பு நாடு. கனடாவும் அப்படியே, அந்நாட்டுடன் உறவு கசந்தபோது, 2023 செப்டம்பரில் கனடா நாட்டினருக்கு விசா வழங்குவதையே இந்தியா சில வாரங்கள் நிறுத்திவைத்தது நினைவிருக்கலாம். அப்படியொரு கசப்பு போட்டி நடக்கும் மாதத்தில் வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே வரையறுத்துவிட வேண்டும்.

இங்கேதான் நகரத் தேர்வு முக்கியமாகிறது. ஆமதாபாதின் மோட்டேரா அரங்கில் 1,32,000 பேர் அமரலாம். உலகிலேயே பெரிய கிரிக்கெட் அரங்கம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி அங்கே உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. நீலக் கடலாகக் காட்சியளித்த அரங்கில் எதிரணி ஆதரவாளர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செய்தியாளர்களுக்கு விசா தாமதமானது, ரசிகர்களுக்கு வழியே இல்லாமல் போனது என்று பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலிடம் முறையிட்டது. கிரிக்கெட்டில் இந்தியாவின் பண பலத்தின் முன் அந்த முறையீடு எடுபடவில்லை. ஒலிம்பிக் அமைப்பில் அந்தப் பலம் செல்லுபடியாகாது. அங்கே எல்லா நாட்டுக் கொடிகளும் காலரியில் தெரிய வேண்டும்.

மதுவிலக்கு நடைமுறையில் உள்ள மாநிலம் என்பதும் வெளிநாட்டுப் பயணிகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. பயணிகளுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. காந்திநகர் அருகே கிஃப்ட் சிட்டியில் 2023 இறுதியில் விதியும் தளர்த்தப்பட்டது. காந்தி பிறந்த மண்ணில் இதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய கேள்வி, எல்லாவற்றையும் ஒரே நகரில் குவிப்பது சரியா என்பதுதான். ஹாக்கி என்றால் உலகம் இன்று அறிந்த இந்திய நகரம் புவனேசுவரம். 2018, 2023 உலகக் கோப்பைகளை நடத்திய ஊர். கால்பந்துக்குக் கொல்கத்தா இருக்கிறது. போட்டிகளை வேறு நகரங்களுக்கும் பகிர்ந்தளிக்க ஒலிம்பிக் கமிட்டியின் இன்றைய விதிகள் இடம் தருகின்றன. அந்த நகரங்களின் பழைய அனுபவத்தையும் அங்கே உருவான தொடர்புகளையும் பயன்படுத்தாமல், எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது வீண் செலவு.

சென்னை இதற்கு ஒரு பாடம். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் போட்டி ரஷியாவில் நடப்பதாக இருந்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சர்வதேச செஸ் கூட்டமைப்பு அதை ரஷியாவிலிருந்து விலக்கியது. மார்ச் மாதமே சென்னை அதைப் பெற்றது. ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தில் 186 நாடுகளின் வீரர்கள் வந்து அமர்ந்தார்கள். நான்கு மாதங்களில் அது சாத்தியமானதற்குக் கட்டடங்கள் காரணமல்ல, ஆடியது மண்டபங்களில். விஸ்வநாதன் ஆனந்த் என்ற பெயர் செஸ் உலகில் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மதிப்பும், மாநில அரசு தயங்காமல் கொடுத்த உறுதியும்தான் காரணம். அங்கும் ஒரு நெருடல்: ஜோதி ஓட்டம் ஜம்மு-காஷ்மீர் வழியாகச் சென்றதைக் காரணம் காட்டி, சென்னைக்கு வந்து இறங்கிய பாகிஸ்தான் அணி ஆடாமலேயே திரும்பிச் சென்றது.

ஒலிம்பிக் நகரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் 2019-இல் மாறிவிட்டது. பல நகரங்கள் மேடையேறி வாக்குக் கேட்கும் பழைய திருவிழா இல்லை. தனிக் குழு ஒன்று பல நாடுகளுடன் ஆண்டுக்கணக்கில் அமைதியாகப் பேசி, இறுதியில் ஒரு நகரை மட்டும் பரிந்துரைக்கிறது. 2032 போட்டிக்கு பிரிஸ்பேன் அப்படித்தான் 2021-இல் தேர்வானது. கடைசி நேரத்தில் தலைக்கு இத்தனை டாலர் என்று அறிவிப்பதற்கு அந்த முறையில் இடமே இல்லை.

அந்தப் பேச்சுகளில் எதிர்த்தரப்பு எதைப் பார்க்கும்? விளையாட்டு நிர்வாகத்தைத்தான். இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டதால், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் தேசியக் கொடியின்றி அணிவகுத்தனர். 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பு இடைநீக்கம் செய்தது; அந்த ஆண்டே இந்தியாவில் நடக்கவிருந்த மகளிர் ஜூனியர் உலகக் கோப்பை மயிரிழையில் தப்பியது. 2021 ஆடவர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி, நடத்தும் கட்டணத் தகராறில் தில்லியிடமிருந்து பெல்கிரேடுக்குப் போனது. அதிக எண்ணிக்கையில் ஊக்கமருந்துச் சோதனை நடத்தும் நாடுகளில், பிடிபடுவோர் விகிதத்தில் இந்தியா முதலிடத்தில் இருப்பதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023, 2024 அறிக்கைகள் காட்டின. 2025-இல் லோசான் சென்ற இந்தியக் குழுவிடம் இவை குறித்தே கேட்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின.

சம்மேளனங்களை நெறிப்படுத்த 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதன்படி நேர்மையான தேர்தல்கள் நடக்கின்றனவா என்பதை லோசானிலிருந்து கவனிப்பார்கள். அத்துடன் வெளியுறவு அமைச்சகமும் விளையாட்டு அமைச்சகமும் சேர்ந்து ஒரு காரியத்தை உடனே தொடங்கலாம். ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் தீவுகளின் சிறிய நாடுகளிலிருந்து வீரர்களையும் பயிற்சியாளர்களையும் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்துக்கும் புவனேசுவரத்துக்கும் ஆண்டுதோறும் அழைக்க வேண்டும். 2010-க்குப் பிறகு அந்த நாடுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2030-இல் அவர்கள் மீண்டும் இந்தியா வருவார்கள். முந்தைய தடவை விளையாட்டு கிராமத்தில் தாங்கள் கண்டதை அவர்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.