ஐம்பது ஆண்டு நடந்தாலும் பாதை சொந்தமாகாது

அண்டை வீட்டார் இருவர் பாதைக்காக நீதிமன்றப் படி ஏறும்போது வழக்கமாக எழும் வாதம் ஒன்று உண்டு. “அப்பா காலத்திலிருந்து இந்த வழியாகத்தான் போய் வருகிறோம். இப்போது வேலி போட இவர் யார்?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், தீபகற்ப மலேசியாவின் நிலச் சட்டத்தில் இந்த வாதம் மட்டும் எடுபடாது.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 284ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிறர் நிலத்தின் வழியே நீண்ட காலம் தடையின்றிப் போய் வந்ததாலேயே ஒருவருக்கு வழியுரிமை கிடைத்துவிடாது. பத்து ஆண்டானாலும் ஐம்பது ஆண்டானாலும் கணக்கு ஒன்றுதான்.

இருபது வருடம் புழங்கினால் பாதை நமக்கே என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு விதி இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது செல்லும், இங்கே செல்லாது.

காரணம் எளிது. இங்கே நில உரிமைக்கு அடிப்படை நில அலுவலகப் பதிவேடு. நிலம் வாங்குபவர் கிராண்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார். பழைய உரிமையாளர் “தாராளமாகப் போய் வாங்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால், புதிய உரிமையாளர் பொதுவாக அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கோயிலுக்கும் பள்ளிக்கும் போன செம்மண் சாலை எல்லாருக்கும் பொது என்றே நினைத்திருப்பார்கள். தோட்டம் கைமாறி கேட் போட்ட பிறகுதான் அது தனியார் நிலம் என்று தெரியவரும்.

இதே சட்டம் மறுபக்கத்தையும் காக்கிறது. பக்கத்து வீட்டார் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டு எத்தனை ஆண்டு அனுபவித்தாலும், 341ஆவது பிரிவின்படி உரிமையாளர் தம் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அப்படியானால் உள்ளே அடைபட்ட நிலத்துக்காரர் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. அண்டை நிலத்தார் சம்மதித்தால் வழியுரிமையை எழுத்தில் வாங்கி நில அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்த உரிமை நிற்கும்.

சம்மதிக்காவிட்டால் மாவட்ட நில நிர்வாகியிடம் விண்ணப்பிக்கலாம். பொதுச் சாலைக்குப் போக வழி தேவை என்று விசாரணையில் அவர் கண்டால், பிறர் நிலத்தின் வழியே பாதை ஏற்படுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. அதனால் நட்டப்படுபவருக்கு இழப்பீடும் உண்டு. அவருடைய முடிவில் திருப்தி இல்லாதவர் 418ஆவது பிரிவின் கீழ் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கோபத்தில் வேலியைப் பிடுங்கி எறிவது இவற்றில் எதிலும் சேராது. வழி கேட்டுப் போனவரே அத்துமீறி நுழைந்தார் என்ற எதிர்வழக்கைச் சுமக்க நேரும்.

பாதைத் தகராறு பெரும்பாலும் பெரியவர் காலமாகி, நிலம் பிள்ளைகளுக்கோ வெளியாருக்கோ போகும்போதுதான் வெடிக்கிறது. அதுவரை டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்த இரு குடும்பங்கள் வக்கீல் கடிதம் வழியாகப் பேசத் தொடங்கும். பேச்சுவார்த்தை இருக்கும்போதே நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பார்த்து, வழியைப் பதிந்து வைப்பதே மேல். உறவு கெட்ட பிறகு கேட்டால், முன்பு சும்மா கொடுத்த பாதைக்கும் விலை வைக்கப்படும்.