குழி பாண்டவருடையதா, குயவருடையதா?

மண்ணைத் தோண்டினால் முன்னோர் புதைத்த தாழி கிடைக்கிறது. அது என்ன என்று கேட்டால், பாண்டவர் குழி என்று பதில் வருகிறது! வனவாசம் வந்த ஐவர் வெட்டி வைத்த குழியாம்! தமிழ்நாட்டின் பெருங்கற்காலக் கல்லறைகள் பல ஊர்களில் பாண்டுகுழி என்றே வழங்கப்படுகின்றன. வியர்வை சிந்தியவன் ஒருவன். விருது பெறுபவன் வேறொருவன். பெயர்தானே, போகட்டும் என்பீர்கள். போகட்டும் என்று நாம் விட்டதால் போனவை ஒன்றா, இரண்டா?

எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ஒரு மண்பேழை உண்டு. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்தது. செம்மறிக் கடாவின் வடிவம் அதற்கு. முன்னே கொம்புடைய தலை, உடலே பேழை, அடியில் வரிசையாகக் கால்கள். இறந்தவரின் எலும்புகளை இட்டுப் புதைப்பதற்காகச் செய்தது. சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் கால்கள் அமைந்த ஈமப்பேழையை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தார். நீலகிரிக் கல்லறைகளில் கிடைத்த மட்கலங்களின் மூடிகள்மீது எருமையும் குதிரையும் நிற்கின்றன. பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளிவந்த நூல் அவற்றை உலகுக்குக் காட்டிற்று.

ஆடும் எருமையும் ஏன் கல்லறைக்குள் வந்தன? அவற்றை மேய்த்தும் கறந்தும் வாழ்ந்த மக்கள், வாழ்வில் துணை நின்ற உயிரையே சாவிலும் துணையாக வைத்தனர் என்று கருதுவதே பொருத்தம். இதை விளங்கிக்கொள்ள வானுலகக் கதை எதற்கு? மேய்ச்சல் நிலம் போதுமே!

செய்தவனின் அறிவையும் எண்ணிப் பாருங்கள். ஆள் நீளப் பேழையின் சுவர் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தால், காயும்போதே வெடிக்கும். தலையும் காலும் உடலோடு ஒட்டி உலர வேண்டும். சூளையின் வெப்பம் எங்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். ஏடெடுத்துப் படிக்காத கை இத்தனையும் அறிந்திருந்தது! ஈரான் நாட்டு மார்லிக்கில் 1961-62இல் அகழ்ந்தெடுத்த திமிற்காளை வடிவ மட்கலங்களைக் கலைச்செல்வம் என்று உலகம் கொண்டாடுகிறது. இங்கோ குயவன் கலைஞனல்லன், சாதிப் படிக்கட்டில் கீழே நிறுத்தப்பட்டவன்!

சங்கப் புலமை இப்படி இழிவு பேசவில்லை. புறநானூற்று 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் குயவரை விளித்து, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். துயரின் உச்சியில் அவள் நாடியது மண்பிசையும் மனிதனை.

பழம்பெருமை பேசுவோரையும் ஒன்று கேட்கிறேன். தாழியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம், தாழி செய்தவன் வழிவந்தோனைச் சமமாக அமர்த்துகிறோமா? துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், கடலில் வலை வீசுபவர், ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டுபவர் ஆகியோரின் பிள்ளைகள் நிறைந்தது எங்கள் வடசென்னை. "படிக்காவிட்டால் மண் சுமக்கத்தான் போவாய்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லும் ஆசிரியன், அவன் தந்தையை வகுப்பறையிலேயே அவமதிக்கிறான்.

ஆசிரியத் தோழர்களே! டோல்கேட்டில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். இது அரசன் ஆணையால் விளைந்ததன்று, ஆண்டவன் அருளால் விளைந்ததன்று, உழைப்பாளியின் அறிவால் விளைந்தது என்று சொல்லுங்கள். ஊர்க் கல்லறையைப் பாண்டுகுழி என்று எவரேனும் சொன்னால், அஞ்சாமல் திருத்துங்கள். செய்தவனுக்கே அந்தப் புகழ் சேரட்டும்!