வரவு வைக்கப்பட்ட வயசு



காலை நடைப்பயிற்சியானாலும் சரி, டீக்கடை பெஞ்சானாலும் சரி, நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "கொரோனா எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுதுங்க. அதுல இருந்து பசங்க வேலைக்கே போக மாட்டேங்கறாங்க." எனக்கு இதில் சம்மதமில்லை. கிருமி எடுத்த உயிர்களின் கணக்கு தனி. பிள்ளைகளின் வேலையும் பணமும் பெரும்பாலும் உத்தரவுகளால் போனவை. உத்தரவு என்றால் அதன் கீழே ஒரு கையெழுத்து இருக்கும்.

2020 மே 8ஆம் தேதி பேப்பர் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். முந்தின நாள் நடந்தவை மூன்று. வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கொண்டுவரும் 'வந்தே பாரத்' விமானங்களில் முதலாவது, அபுதாபியிலிருந்து கொச்சிக்கு வந்தது. சென்னை நீங்கலாக டாஸ்மாக் கடைகள் திறந்தன. தமிழ்நாடு அரசு ஊழியர் ஓய்வு வயது 58லிருந்து 59 ஆனது. முதல் இரண்டையும் ஊரே பேசியது. மூன்றாவது சீக்கிரமே மறந்து போயிற்று.

ஆபீசில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மாதக் கடைசியில் ஒரு கண்காணிப்பாளர் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஓர் உதவியாளர் அந்த இடத்துக்குப் போவார். அவர் இடத்துக்கு ஓர் இளநிலை உதவியாளர். கடைசியில் காலியாகும் இடம்தான் குரூப் 4 எழுதி வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு. மேலே மாலை விழாவிட்டால் கீழே நாற்காலி காலியாகாது. 2021 பிப்ரவரியில் ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள். ஆக, 2020 மே 31ல் போக வேண்டியவர் 2022 மே 31ல்தான் போனார். 58ல் ஓய்வு என்றிருந்த பணிகளில் இரண்டு வருஷம் வயது முதிர்ந்து ஒருவரும் வெளியே போகவில்லை.

தேர்வுத் தேதிகளையும் பாருங்கள். குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2020 ஏப்ரல் 5 என்று அறிவிக்கப்பட்டு 2021 ஜனவரி 3ல் நடந்தது. குரூப் 4 தேர்வு 2019 செப்டம்பர் 1ல் நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24. அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். வேலைக்குப் போக மனமில்லாத பிள்ளைகள் இத்தனை லட்சம் பேர் வரிசையில் நிற்பார்களா?

எங்கள் தெருத் தம்பி ஒருவன், ஐ.டி.ஐ. முடித்தவன். ஷார்ஜாவில் வேலை கிடைத்து, 2020 மார்ச் கடைசியில் கோவையில் விமானம் ஏற வேண்டியவன். மார்ச் 22ல் முடக்கச் சொன்ன மாவட்டங்களின் பட்டியலில் சென்னை, காஞ்சிபுரத்தோடு நம் ஈரோடும் இருந்தது. மறுநாளிலிருந்து வெளிநாட்டு விமானமும் இல்லை. டிக்கெட்டுக்காக அவன் அம்மா நகையை அடகு வைத்திருந்தார். விமானக் கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டு மட்டும் கேட்டது. பிறகு மெயில் வந்தது: பணத்தை உங்கள் பெயரில் வரவு வைத்திருக்கிறோம், ஒரு வருஷத்துக்குள் பயணம் செய்துகொள்ளலாம் என்று. "பணம் போகலைங்களாம் அய்யா, ஆனா கைக்கு வராதுங்களாம்" என்றான். அதற்குள் ஷார்ஜா வேலையும் போயிற்று. அடகுக் கடை வட்டி மட்டும் மாதாமாதம் ரொக்கமாகப் போனது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'அவுவார்' என்ற சொல்லை அங்கே சின்ன வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்றைக் கையில் வைத்திருத்தல் என்று பொருள். கடைவீதியில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுத்தால் காசுக்குப் பதிலாகக் கடைக்காரர் எழுதித் தரும் வரவுச் சீட்டு. சீட்டு நம்மிடம், காசு அவர் கல்லாவில்.

டிக்கெட் விஷயத்தில் 2020 அக்டோபர் 1ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுமுடக்கத்துக்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். முடியாத கம்பெனி 2021 மார்ச் 31 வரை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2020 ஜூன் வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் கூட்டித் தர வேண்டும். டிக்கெட்டுக்காவது ஒரு வட்டி போட்டார்கள். போன வயதுக்கு?

அதற்கும் ஒரு சீட்டு வந்தது. 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை 2 வருஷம் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் அது மறுபடி வரிசையில் நிற்பதற்கான அனுமதி, அவ்வளவே. இரண்டு வருஷச் சம்பளம், பணிமூப்பு, தள்ளிப்போன கல்யாணம் எதுவும் அதில் சேராது. நாற்காலியில் இருந்தவர்களுக்கோ அதே இரண்டு வருஷம் மாதச் சம்பளமாகக் கிடைத்தது.

"கஜானா காலி. அத்தனை பேருக்குப் பணிக்கொடை எங்கிருந்து தருவது?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் அகவிலைப்படியையும்தான் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் பணிக்கொடையைத் தவணையில் தந்திருக்கலாம். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறவர் தவணைக்குக் காத்திருப்பார். 25 வயதில் வருமானமே இல்லாதவன் எதை வைத்துக் காத்திருப்பான்? பிரான்சில் முடக்கத்தால் வேலை நின்ற தொழிலாளிக்கு நிகரச் சம்பளத்தில் 84 சதவீதம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. பணக்கார நாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரால் காத்திருக்க முடியாது என்று கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

நம் சங்கங்கள் அகவிலைப்படிக்கு மனுப் போடட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதிலே இரண்டு கோரிக்கைகளையும் சேர்க்கச் சொல்கிறேன். ஓய்வு வயதை இனி உயர்த்தினால், அதனால் நிற்கும் நியமனங்கள் எத்தனை என்று அதே ஆணையில் போட வேண்டும். தேர்வைத் தள்ளி வைத்தால், புதுத் தேதியை அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். வேலையில் இருப்பவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். நமக்கு இனி இழக்க ஒரு பதவியும் இல்லை. நாம் கேட்கலாம்.