சூளையில் வெந்த கிதார்!

பழைய கிதார் என்றால் அமெரிக்காவில் தனி மவுசு. 1930-களில் மார்ட்டின் கம்பெனி செய்த சில கிதார்களின் விலையில் ஒரு வீடே வாங்கலாம்!

கிதாரின் மேல் பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம். தந்தியை மீட்டினால் அதிர்ந்து ஒலி தருவது இந்தப் பலகைதான். நாள் ஆக ஆக மரம் காய்ந்து, ஒலி கனியும் என்று வாசிப்பவர்கள் நம்புகிறார்கள்.

அதுவரை யார் காத்திருப்பது? மரத்தைச் சூளையில் வைத்து விடுகிறார்கள். வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைப்பார்களே, அதுபோலத்தான்!

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். இந்தச் சூளையில் சூடு 200 டிகிரியை நெருங்கும். மரம் எரிந்து விடாதா? எரியாது. உள்ளே பிராணவாயுவை அண்ட விடுவதில்லை. வெந்த பலகை பழுப்பேறும், எடை குறையும். மழைக்காலத்து ஈரத்தை முன்போல் உறிஞ்சாது.

மார்ட்டின் கம்பெனியும், ஜப்பானின் யமஹாவும் இப்படிப் பதப்படுத்திய பலகையில் கிதார் செய்கின்றன. பழைய ஒலி அப்படியே வந்துவிட்டதா? காதுக்குக் காது தீர்ப்பு வேறு.

ஒன்று மட்டும் நிச்சயம். வெந்த மரம் எளிதில் பிளக்கும். கிதார் வாங்க வருகிறவன் பல மாதம் காசு சேர்த்த இளைஞனாக இருக்கலாம். ஒலியைப் புகழ்ந்து விற்பவர்கள், பிளக்கும் சங்கதியையும் அவனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.