பழைய மீட்டரைத் திறக்கலாமா?

ஆய்வுக்கூடங்களில் கழித்துவிடும் முள் மீட்டர்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது சரியன்று. அவற்றை மாணவரிடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

1882-இல் தார்சொன்வால் வகுத்த அமைப்பின் வழிவந்ததே அவற்றினுள் இருக்கிறது: காந்தத்தின் நடுவே கம்பிச் சுருள், மயிரிழை போன்ற சுருள்வில், முள். 1 மில்லி ஆம்பியரில் முழு வீச்சுக் காட்டும் 100 ஓம் மீட்டருடன் 9,900 ஓம் தடையைத் தொடராகச் சேர்த்தால், அது 10 வோல்ட் மீட்டராகிவிடும். ஓம் விதியை ஏட்டில் எழுதியவனுக்கு, இதைச் செய்து பார்க்கும்போதுதான் அது சொந்தமாகிறது.

பழம்பொருளைக் கெடுக்கலாமா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆகவே பழைய முகத்தகட்டைச் சுரண்டாமல் கழற்றி வையுங்கள். புதிய அளவைத் தாளில் வரையுங்கள். காந்தத்தைப் பிரிக்காதீர்கள்; அதன் வலிமை குன்றும். மேசையில் இரும்புத் துகள் ஒன்றும் இருத்தலாகாது. இடைவெளியில் புகுந்தால் முள் நின்றுவிடும்.

துறைத் தலைவர்கள் ஆண்டுக்கொரு பெட்டிப் பழைய மீட்டர்களையேனும் மாணவர்க்கு ஒதுக்குவாராக!